சுழியத்தைத் தீர்மானிப்போர்: தாழ்வலு ஒப்புளிச் சுற்றுகளும் தோட்டத் தராசும்

தமிழில் அறிவியல் கற்பித்தல் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கலைச்சொல்லோடு தொடங்கிக் கலைச்சொல்லோடு முடிவடைந்துவிடுகின்றன. எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்ற வினாவுக்குச் செலவிடப்பட்ட உழைப்பு மதிக்கத்தக்கதே. ஆயின் ஓர் அறிவு யாருடைய தேவையிலிருந்து பிறந்தது, யாருடைய கையில் உள்ளது, அதனால் அளக்கப்படுவோர் யாவர் என்ற வினாக்கள் அதேயளவு அழுத்தத்துடன் எழுப்பப்படவில்லை. மிகக் குறைந்த வலுவில் இயங்கும் ஒப்புளி ஒருங்கிணைந்த சுற்றுகளை வடிவமைக்கக் கற்றல் என்னும் ஒரு குறிப்பிட்ட துறையை, பண்டாரவளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் கொழுந்துத் தராசை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்துறை சார்ந்தோர் இலத்திரனியலில் கால்வைப்பது பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். மலையகத்தின் வாய்மொழிப் பாடல்களையும் எழுத்திலக்கியத்தையும் ஆராய்வோர் ‘பேர்’, ‘அரைப்பேர்’ என்ற சொற்களைக் கடந்து செல்ல இயலாது. நாட்கூலிக்கு உரித்தாதல் பேர். குறித்த அளவு கொழுந்து எடுக்கப்படாதவிடத்துக் கூலி பாதியாதல் அரைப்பேர். இவ்விரு சொற்களுக்கும் இடையே நிற்பது ஒரு தராசு. அச்சொற்களின் சமூகப் பொருளை அறிய விரும்புவோர் அத்தராசின் உள்ளமைப்பையும் அறிந்தாதல் வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

மடுவத்தில் நிகழும் அளவீடு

பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கமாகவும் நாயபெத்தைப் பக்கமாகவும் அப்புத்தளை வழியே தம்பேதன்னைப் பக்கமாகவும் பரந்துகிடக்கும் தேயிலை மலைகளில், பறிக்கப்பட்ட கொழுந்து நாளில் இரண்டு மூன்று தடவைகள் மடுவத்திலோ மலையோரத்திலோ நிறுக்கப்படுகின்றது. முன்னர் வில் தராசு தொங்கிய இடத்தில் பல தோட்டங்களில் இப்போது மின்கலத்தால் இயங்கும் இலத்திரன் தராசு தொங்குகின்றது. தொழிலாளியின் அன்றைய உழைப்பு அங்கு ஓர் எண்ணாக மாற்றப்பட்டுப் பதியப்படுகின்றது.

துண்டுவேலைக் கூலி என்பது நேரக்கூலியின் மாற்றுருவமே என்றும், கூலியைக் குறைப்பதற்கு அது மிகுந்த வாய்ப்பளிக்கின்றது என்றும் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் எடுத்துக்காட்டினார். தோட்டத்துப் பேர் முறை இவ்விரண்டினதும் கலப்பாகும். பெயரளவில் அது நாட்கூலி. நடைமுறையில் நாளொன்றுக்கு எடுக்கவேண்டிய கிலோவின் அளவு விதிக்கப்படுவதால் அது மறைமுகமான துண்டுவேலைக் கூலி. 2021 மார்ச்சில் நாட்கூலி 1000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதன் பின்னர் இந்தக் கிலோ அளவு பற்றிய முரண்பாடு கூர்மையடைந்தமை தற்செயலானதன்று. கூலியின் ஒருபுறம் சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டபோது முரண்பாடு அதன் மறுபுறத்துக்கு, அதாவது நிறைக்கு, நகர்ந்தது.

1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமை வடிவங்கள் மாறின. தராசை ஏற்படுத்தும் உரிமையும் அதன் எண்ணைப் பதியும் உரிமையும் தொழிலாளியின் பக்கத்துக்கு மாறவில்லை. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் சான்றோருக்குத் தராசு உவமையாகின்றது. அவ்வுவமையில் கோலைப் பிடித்திருக்கும் கை தெரிவதில்லை. நாம் நோக்கவேண்டியது அந்தக் கையையும் சேர்த்தே.

ஒப்புளி என்பது யாது?

ஒப்புளிச் சுற்று என்ற தொடரில் உள்ள கருத்து தமிழ் மாணவருக்கு அந்நியமானதன்று. ஒரு பொருளின் இயல்பை இன்னொன்றன் இயல்பால் உணர்த்துவதை உவமை என்கின்றோம். வினை, பயன், மெய், உரு என்ற அடிப்படைகளில் ஒப்புமை தோன்றுவதைத் தொல்காப்பிய உவமவியல் வகுத்துரைக்கின்றது. ஒப்புளிச் சுற்றிலும் நிகழ்வது இத்தகைய ஒப்புமையே: கொழுந்தின் நிறை கூடக்கூட ஒரு மின்னழுத்தம் அதே விகிதத்தில் கூடுகின்றது. உவமானம் உவமேயத்துக்கு எந்த அளவுக்கு உண்மையாக இருக்கின்றது என்பதே வடிவமைப்பாளரின் முழுப் பிரச்சினையுமாகும்.

இலத்திரன் தராசினுள் ஓர் உலோகத் துண்டு உண்டு. சுமை ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைகின்றது. அதன் மீது ஒட்டப்பட்டுள்ள விகாரமானிகள் நீளும்போது அவற்றின் மின்தடை சற்றே கூடுகின்றது, சுருங்கும்போது குறைகின்றது. இத்தகைய நான்கு தடைகளை வீற்ஸ்ரன் பாலமாக இணைத்தால், சுமை இல்லாதபோது பாலம் சமநிலையிலிருக்கும். சுமை ஏறியதும் இரு முனைகளுக்கிடையே சிறியதோர் அழுத்த வேறுபாடு தோன்றும். க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலில் தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவர் வீற்ஸ்ரன் பாலத்தையும், இருவாயி, திரான்சிற்றர், செயற்பாட்டு விரியலாக்கி ஆகியவற்றையும் ஏற்கெனவே அறிவர். ஆகவே தராசின் உட்கூறுகள் யாவும் பண்டாரவளை மாணவரின் பாடநூலிலேயே உள்ளன. அவற்றைத் தராசாக இணைக்கும் அறிவு மட்டுமே அங்கில்லை.

அந்தச் சிறிய அழுத்தம் எவ்வளவு சிறியது? இத்தகைய உணரிகள் முழுச் சுமையின்போது, தமக்கு வழங்கப்படும் ஒவ்வொரு வோல்ற்றுக்கும் 2 மில்லிவோல்ற்று அளவில் தருவது வழக்கம். இரு உலர்மின்கலங்களிலிருந்து 3 வோல்ற்று வழங்கினால் முழுச் சுமையில் கிடைப்பது 6 மில்லிவோல்ற்று. தராசின் எல்லை 50 கிலோ எனக் கொண்டால் ஒரு கிலோவுக்கு 120 மைக்குரோவோல்ற்று, 100 கிராமுக்கு 12 மைக்குரோவோல்ற்று. ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே மைக்குரோவோல்ற்று. ஒரு பிடி கொழுந்து இத்தனை நுண்ணிய மின்னழுத்தமாகவே தன்னை அறிவித்துக்கொள்கின்றது. அதனைப் பெருப்பிப்பது விரியலாக்கி. பெருப்பிக்கப்பட்டதை எண்ணாக மாற்றுவது ஒப்புளி-இலக்க மாற்றி. மலிவான தராசுகளில் இன்று பரவலாகக் காணப்படும் எச்.எக்ஸ். 711 போன்ற சில்லுகளில் இவ்விரண்டும் ஒரே சிலிக்கன் துண்டில் அமைந்துள்ளன.

வலு எங்கே செலவாகின்றது?

தேயிலை மலையில் மின்னிணைப்பு இல்லை. தராசு மின்கலத்தை நம்பியே இருக்கவேண்டும். ‘தாழ்வலு’ என்ற அடைமொழி இங்கு ஆடம்பரமன்று. அது உற்பத்தி நிகழும் இடத்தின் இயல்பிலிருந்து பிறக்கும் தேவை.

புதிதாகக் கற்க வருவோர் விரியலாக்கியின் ஓட்டத்தைக் குறைப்பதிலேயே முழுக்கவனத்தையும் செலுத்துவதுண்டு. ஆனால் முதலில் செய்யவேண்டியது கணக்கெடுத்தல். பாலத்தின் தடை 350 ஓம் எனின் 3 வோல்ற்றில் அது ஏறத்தாழ 8.6 மில்லியம்பியர் ஓட்டத்தை இழுக்கும். அதாவது 26 மில்லிவாற்று வலு வெறும் வெப்பமாகக் கழியும். 2000 மில்லியம்பியர்-மணி கொண்ட மின்கலங்கள் பாலத்துக்கு மட்டுமே பத்து நாள்கள்கூடத் தாக்குப்பிடிக்கா. நல்ல விரியலாக்கியொன்று இதன் மிகச் சிறு பங்கை மட்டும் கொண்டு இயங்க வல்லது. எனவே விரியலாக்கியைச் சுருக்கிப் பாலத்தை எரியவிடுவது, வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு வாசலில் தீப்பந்தத்தை விட்டுவைப்பதை ஒக்கும்.

தீர்வு எளிது. பாலத்துக்கு எப்போதும் மின் வழங்கத் தேவையில்லை. வினாடிக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நூற்றில் ஒரு வினாடிக்கு மட்டும் வழங்கினால் போதும். அப்போது சராசரி ஓட்டம் ஐம்பதில் ஒரு பங்காகி ஏறத்தாழ 0.17 மில்லியம்பியராகும். பாலத்தைப் பொறுத்தமட்டில் அதே மின்கலங்கள் ஓராண்டுக்கு மேல் உழைக்கும்.

ஆனால் ஒவ்வொரு சேமிப்பும் வேறோரிடத்தில் விலை கேட்கும். மின் வழங்கப்படும் குறுகிய வேளைக்குள் விரியலாக்கி தன் இறுதி நிலையை எய்தவேண்டும். அவ்விரைவுக்குக் கூடுதல் ஓட்டம் வேண்டும். அளக்கும் நேரம் குறைந்தால் இரைச்சலைச் சராசரியாக்கி மட்டுப்படுத்தும் வாய்ப்பும் குறையும். ஒழுங்கற்ற இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமெனின் நான்கு மடங்கு நேரமோ நான்கு மடங்கு ஓட்டமோ தேவை. நுட்பம், விரைவு, வலு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் முரண்களின் ஒருமையாக விளங்குகின்றன. ஒப்புளி வடிவமைப்பு என்பது இந்த முரண்களைக் குறிப்பிட்டதொரு தேவைக்கேற்ப இணக்குவித்தலே. தேவை தெரியாமல் ‘சிறந்த சுற்று’ என்று எதுவுமில்லை.

தாழ்ந்த ஓட்டத்தில் திரான்சிற்றர்

இத்துறையின் வரலாறு, மனிதர் சுவர் மின்னிணைப்பை விட்டு விலகிச் சென்ற வரலாறாகும். 1947 டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான திரான்சிற்றர் முதலில் சந்தைக்கு வந்த பொருள்களுள் செவிப்புலன் கருவி முக்கியமானது. 1954இல் முதலாவது வணிகத் திரான்சிற்றர் வானொலியான ரீஜென்சி டி.ஆர்.-1 வெளிவந்தது. மின்சாரம் எட்டாத மலையக லயங்களுக்கு வானொலியின் குரல் சென்று சேர்ந்ததும் மின்கலத்தால் இயங்கிய இத்தகைய பெட்டிகளின் வழியேதான். தேயிலைத் தொழிற்சாலைகள் பல, தோட்டத்து நீரோடையில் விசையாழி வைத்துத் தமக்கென மின்னுற்பத்தி செய்துகொண்ட காலத்திலும், அதே தோட்டத்து லயங்கள் இருளிலேயே இருந்தன என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். தாழ்வலு இலத்திரனியலின் அருமை அந்த இருளில் வாழ்ந்தோருக்கே நன்கு தெரியும்.

அடுத்த பெரும் உந்துதல் கைக்கடிகாரத்திலிருந்து வந்தது. சுவிற்சர்லாந்தின் நியூசத்தல் நகரில் 1962இல் நிறுவப்பட்ட இலத்திரன் கடிகார ஆய்வு நிலையம், சிறு மின்கலமொன்றைக் கொண்டு நீண்டகாலம் இயங்கும் சுற்றுகளைத் தேடியது. அங்கு பணியாற்றிய எரிக் வித்தோசும் ஜோன் ஃபெல்ராத்தும் 1977இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளங்களுள் ஒன்று. புலவிளைவுத் திரான்சிற்றரின் படலை முனைக்குத் தொடக்க அழுத்தத்திற்கு மேலான அழுத்தம் கொடுத்தாலே அது கடத்தும் என்பது தொடக்கநிலை விளக்கம். உண்மையில் அதற்குக் கீழேயும் மிகச் சிறிய ஓட்டம் பாய்கின்றது. இலக்கமுறைச் சுற்றுகளை வடிவமைப்போர் இதனைக் கசிவு என்று வெறுத்தனர். கடிகார ஆய்வாளர்களோ அக்கசிவையே தொழிலுக்கு எடுத்துக்கொண்டனர்.

இப்பிரதேசத்தில் ஓட்டம் அழுத்தத்தோடு அடுக்குக்குறி முறையில் வளர்கின்றது. படலை அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிவோல்ற்று கூடும்போது ஓட்டம் பத்து மடங்காகின்றது. செலவிடும் ஒவ்வோர் அலகு ஓட்டத்துக்கும் கிடைக்கும் விரியலாக்கத் திறன் இங்கேதான் உச்சமடைகின்றது; ஒரு வோல்ற்றுக்கு ஏறத்தாழ 25 என்ற அளவை அது எட்டும். தொடக்க அழுத்தத்துக்கு நன்கு மேலே இத்திறன் 10க்கும் கீழே இறங்கிவிடும். எனினும் இதற்கும் விலை உண்டு: இங்கு திரான்சிற்றர் மெதுவாகவே செயற்படும். கொழுந்துக் கூடையின் நிறை வினாடிக்குக் கோடி தடவை மாறுவதில்லை; ஆகவே தராசுக்கு இந்த மந்தம் குறையன்று.

விரியலாக்கத் திறனுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள இவ்விகிதத்தையே வடிவமைப்பின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளும் முறையைச் சில்வெய்ரா, ஃபிளாந்தர், ஜெஸ்பர்ஸ் ஆகியோர் 1996இல் முன்வைத்தனர். கற்போருக்கு இது பெரும் பேறு. நீண்ட சமன்பாடுகளை மனனம் செய்வதற்குப் பதிலாக, ‘இத்திரான்சிற்றர் விரைவுக்காக உழைக்கின்றதா, சிக்கனத்துக்காக உழைக்கின்றதா?’ என்ற வினாவை ஒவ்வொரு திரான்சிற்றரிடமும் கேட்டு, அதற்குரிய விகிதத்தைத் தெரிந்து, பின் அதன் அகலத்தையும் நீளத்தையும் வரைபடத்திலிருந்து பெறலாம்.

நழுவும் சுழியம்

இனி, நமது விவாதத்தின் மையத்துக்கு வருவோம். தராசுக்குப் பெரும்பகை எது? வெப்ப இரைச்சல் அன்று. சில மைக்குரோவம்பியரில் இயங்கும் விரியலாக்கியிலும் அது ஓரிரு கிராமுக்குச் சமமான பிழையையே தரும். உண்மையான பகை சுழியத்தின் நழுவல்.

விரியலாக்கியின் வாயிலில் இரு திரான்சிற்றர்கள் இரட்டையராக நிற்கின்றன. இரண்டும் ஒன்றுபோலிருந்தால் மட்டுமே பாலத்தின் சமநிலையைச் சமநிலையாக அவை காணும். உற்பத்தியில் எந்த இரு திரான்சிற்றர்களும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. சாதாரண விரியலாக்கியில் இவ்வேற்றுமை சில மில்லிவோல்ற்று வரை செல்லும். மேற்காட்டிய தராசில் 3 மில்லிவோல்ற்று என்பது 25 கிலோ. கூடையில் ஒன்றுமில்லாதபோதே அரைத் தராசு நிறைந்துவிடுகின்றது!

தராசின் சுழியப் பொத்தானை அழுத்தி இதனைக் கழித்துவிடலாம். ஆனால் வேற்றுமை வெப்பநிலையோடு மாறும். பாகை ஒன்றுக்கு 5 மைக்குரோவோல்ற்று வீதம் நழுவும் விரியலாக்கியைக் கொள்வோம். பண்டாரவளை மலையில் காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே பத்துப் பாகை வேறுபாடு அரிதன்று. அப்போது சுழியம் 50 மைக்குரோவோல்ற்று நகரும். அது 400 கிராமுக்கும் மேல். காலையில் சுழியமாக்கப்பட்டு மீண்டும் பார்க்கப்படாத தராசு, நண்பகல் நிறுவையில் ஒவ்வொரு கூடையிலும் அந்த அளவைச் சேர்க்கவோ எடுக்கவோ செய்யும். இயற்கைக்கு வர்க்கச் சார்பு இல்லை. நழுவல் எப்பக்கமும் செல்லலாம். ஆயின் எப்பக்க நழுவல் கவனிக்கப்படுகின்றது, எப்பக்க நழுவல் கவனிக்கப்படாது விடப்படுகின்றது என்பதில் சார்பு உண்டு.

இதற்கு வடிவமைப்பாளர் கையாளும் தீர்வுகள் இரண்டு. முதலாவது, அமைவுத் திட்டம் சார்ந்தது. சிலிக்கன் தட்டின் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் செல்லச்செல்லப் பண்புகள் சிறிது சிறிதாக மாறும். சரிவான மலையில் இருவகைத் தேயிலை நாற்றுகளை ஒப்பிட விரும்புவோர் ஒன்றை மேட்டிலும் மற்றதைப் பள்ளத்திலும் நடமாட்டார். நிரை நிரையாக மாற்றி மாற்றி நடுவர். அவ்வாறே இரு திரான்சிற்றர்களையும் பல துண்டுகளாக்கி, இரண்டின் நடுப்புள்ளியும் ஒன்றாக அமையுமாறு குறுக்கே பின்னி வைப்பர். மண்ணின் சரிவு இரண்டையும் சமமாகவே பாதிக்கும்.

இரண்டாவது, வெட்டுமுறை விரியலாக்கம். பழைய இருதட்டுத் தராசின் கோலில் ஐயம் கொண்ட வாங்குவோர், பொருளையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி நிறுத்துப் பார்க்கச் சொல்வர். கோல் கோணியிருந்தால் இரு நிறுவைகளும் வேறுபடும். இரண்டையும் ஒப்பிட்டால் கோணல் வெளிப்படும். வெட்டுமுறைச் சுற்று இதனையே வினாடிக்குப் பல்லாயிரம் தடவை செய்கின்றது. பாலத்தின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி விரியலாக்கியில் இணைக்கின்றது. வெளியீட்டிலும் அதற்கேற்ப மாற்றுகின்றது. கொழுந்தின் சமிக்ஞை ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போக, விரியலாக்கியின் சொந்தக் கோணல் ஒருமுறை கூட்டலாகவும் ஒருமுறை கழித்தலாகவும் தோன்றிச் சராசரியில் மறைகின்றது. தாழ்ந்த அதிர்வெண்களில் பெருகும் மினுங்கு இரைச்சலும் இதனால் ஒடுங்குகின்றது. வாங்குவோரின் பழைய எச்சரிக்கை சிலிக்கனில் நிரந்தர விதியாக்கப்பட்டுள்ளது எனலாம்.

கற்றலின் வழிகளும் தடைகளும்

இந்த அறிவு நெடுங்காலம் சில கம்பனிகளினதும் செல்வம் மிகுந்த பல்கலைக்கழகங்களினதும் மதில்களுக்குள்ளேயே இருந்தது. அம்மதில்கள் கட்டங்கட்டமாகவே தகர்ந்தன. 1973இல் கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஸ்பைஸ் என்ற நிரல், சுற்றுகளைச் செய்யாமலே கணினியில் சோதித்தறியும் வாய்ப்பைப் பொதுவாக்கியது. 1980 அளவில் கார்வர் மீட், லின் கொன்வே ஆகியோரின் பாடநூல் சில்லு வடிவமைப்பை மாணவருக்குக் கற்பிக்கத்தக்க கலையாக்கியது. 1981இல் தொடங்கிய மொசிஸ் சேவை, பலருடைய சிறு வடிவமைப்புகளை ஒரே சிலிக்கன் தட்டில் சேர்த்து உற்பத்தி செய்து செலவைப் பகிர்ந்தது. தனியொருவரால் இயலாததைக் கூட்டுமுறை இயலச்செய்தது.

2020இல் அமெரிக்காவின் ஸ்கைவோட்டர் நிறுவனத்தின் 130 நனோமீற்றர் உற்பத்தி விதிகள் கூகிளின் துணையோடு யாவரும் பயன்படுத்துமாறு திறந்துவிடப்பட்டன. அதுவரை இரகசிய உடன்படிக்கையின்றி இத்தகைய விதிகளைக் காண்பதே அரிது. பின்னர் ஜேர்மனியின் ஐ.எச்.பி. நிறுவனமும் தனது 130 நனோமீற்றர் விதிகளைத் திறந்தது. 2022இல் தொடங்கிய டைனி டேப்அவுட் திட்டம் கற்போரின் சிறு சுற்றுகளை ஒரே சில்லில் ஒன்றுசேர்த்து உற்பத்திக்கு அனுப்புகின்றது. எனினும் இத்திறப்பு உறுதியான உரிமையன்று. இவ்வுற்பத்திக்கு இடைநின்ற ஈஃபேப்லெஸ் நிறுவனம் 2025இல் மூடப்பட்டபோது பலரின் வடிவமைப்புகள் நடுவழியில் நின்றன. மூலதனத்தின் தயவில் திறந்த கதவு அதன் கணக்கு மாறும்போது சாத்தப்படவும் கூடும்.

கற்பித்தலைப் பொறுத்தவரை, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர்களான நாகேந்திர கிருஷ்ணபுர, சாந்தி பவன் ஆகியோரின் ஒப்புளிச் சுற்று விரிவுரைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் தரம் உலகளாவியது. அவை ஆங்கிலத்திலேயே உள்ளன. இலங்கையிலும் பேராதனை, மொறட்டுவை முதலிய பல்கலைக்கழகங்களின் பொறியியற் கல்வி ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார், இயந்திரப் பொறியியல்களைத் தமிழில் தொடங்கியமை இதற்கு மாறான ஒரு முயற்சியாகும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தமையையும், இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் அறிவியற் சொற்றொகுதிகளை வெளியிட்டமையையும் நோக்கும்போது, தமிழால் இயலுமா என்ற வினாவுக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. எஞ்சியிருப்பது யாருக்காக என்ற வினாவே.

மலையக மாணவரின் நிலை இங்கு தனித்துச் சுட்டப்படல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களின் முன்னோரை நாடற்றோராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலேயே. இன்றும் உயர்தர அறிவியற் பிரிவு முழுமையாக இயங்கும் தமிழ்மொழிப் பாடசாலைகள் ஊவாத் தோட்டப்புறத்தில் அரிது. வீற்ஸ்ரன் பாலத்தைத் தமிழில் கற்றுப் பல்கலைக்கழக வாயிலை எட்டுவோர் சிலர். அங்கு மொழி மாறுவதால் தடுமாறுவோர் அவர்களுள்ளும் பலர். 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதனால் நிலத்தின் தூரம் குறைந்தது. மொழியின் தூரம் குறையவில்லை.

உலக அளவிலும் இவ்வறிவுப் பிரிவினை உழைப்புப் பிரிவினையோடு ஒட்டியே அமைந்துள்ளது. 1972 முதல் மலேசியாவின் பினாங்கில் நிறுவப்பட்ட ஆலைகளில் இளம்பெண்கள் நுணுக்குக்காட்டியினூடே பார்த்துச் சில்லுகளுக்குக் கம்பி பிணைத்தனர். அவற்றின் வடிவமைப்போ கடல் கடந்த இடத்தில் நிகழ்ந்தது. கொழுந்தெடுக்கும் விரல் ஊவாவிலும், விலையும் கலவையும் தீர்மானிக்கும் மேசை வேறிடத்திலும் இருந்த பழைய ஒழுங்குக்கு இது புறம்பானதன்று.

தராசும் நீதியும்

நுண்மையான சுற்று நீதியைத் தானே கொண்டுவரும் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கருதுவது தொழில்நுட்ப மாயை. தராசு கிராம் பிசகாது காட்டினாலும், கூடைக்கென்றும் படங்குக்கென்றும் இலையின் ஈரத்துக்கென்றும் கிலோக்கணக்கில் கழிக்கும் வழக்கம் இருக்குமாயின், மேற்கண்ட மைக்குரோவோல்ற்று நுட்பமெல்லாம் ஒரு பேனாக் கோட்டில் அழிந்துவிடும். விரியலாக்கியின் நழுவல் 400 கிராம். மனிதர் விதிக்கும் கழிவோ அதனினும் பன்மடங்கு. முதலாவது பௌதிகப் பிழை. இரண்டாவது உற்பத்தி உறவு. முதலாவதை வெட்டுமுறைச் சுற்று நீக்கும்; இரண்டாவதைத் தொழிலாளரின் ஒருங்கிணைந்த வலிமை மட்டுமே நீக்கவல்லது.

ஆயினும் இரண்டையும் பிரித்தறிவதற்கே அறிவு தேவைப்படுகின்றது. ‘இயந்திரம் காட்டுகிறது’ என்ற வாக்கியம் மடுவத்தில் விவாதத்தை முடித்துவைக்கும் ஆற்றல் பெற்றது. அந்த இயந்திரத்தில் சுழியம் எங்கிருந்து வருகின்றது, அது ஏன் நகர்கின்றது, கழிவு எந்தப் பொத்தானில் பதியப்பட்டுள்ளது, அதனைப் பதிந்தவர் யார் என்று கேட்கத் தெரிந்த ஒருவர் லயத்திலிருந்து வந்து நிற்பாராயின் அவ்வாக்கியம் தன் ஆற்றலை இழந்துவிடும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் நிறுவைக் கருவிகளைச் சரிபார்க்க வழிவகுத்துள்ளது. சட்டத்தின் ஏட்டில் உள்ள அவ்வுரிமையைக் கோரிப் பெறவும் கருவியை அறிந்தவர் வேண்டும்.

இதிலிருந்து சில நடைமுறைப் பணிகள் எழுகின்றன. ஒரு விகாரமானிப் பாலம், மலிவான சில்லு, இரு மின்கலங்கள் ஆகியவற்றைக் கொண்டு உயர்தர வகுப்பு மாணவர் தாமே ஒரு தராசைச் செய்து, காலையிலும் நண்பகலிலும் அதன் சுழியத்தை அளந்து வரையலாம். அதன் அடுத்த படியாக ஸ்பைஸ் நிரலில் ஒரு விரியலாக்கியை அமைத்து, ஓட்டத்தைக் குறைக்கும்போது எது இழக்கப்படுகின்றது என்பதைக் காணலாம். அதற்கடுத்த படி திறந்த உற்பத்தி விதிகளின்கீழ் அமைவுத் திட்டம் வரைதல். இம்மூன்று படிகளுக்கும் உரிய கைந்நூல் தமிழில் எழுதப்படல் வேண்டும். அதனை எழுதுவதில் பொறியியலாளரும் மொழியறிஞரும் தொழிற்சங்கத்தினரும் ஒன்றுசேர்தல் இன்றியமையாதது. ஏனெனில் பொறியியலாளர் சுற்றை அறிவர், மொழியறிஞர் சொல்லை அறிவர், கழிவின் கதையைத் தொழிலாளரே அறிவர்.

அளக்கப்படுவோர் அளவீட்டின் இலக்கணத்தை அறிந்துகொள்ளும்வரை சுழியம் பிறர் கையிலேயே இருக்கும். பண்டாரவளைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் தாழ்வலு விரியலாக்கியை வடிவமைக்கக் கற்பது அவரது தனிப்பட்ட முன்னேற்றத்துக்கு உதவும் என்பதில் ஐயமில்லை. அவ்வறிவு அவரது தாயின் கூடை தொங்கும் தராசுவரை திரும்பி வருமாயின் அது ஒரு சமூகத்தின் அறிவாகும். தமிழில் அறிவியல் என்ற கோரிக்கையின் முழுப்பொருள் அதுவே.